ஏலக்காரர் கஸ்பாரின் தொண்டை

கூனித்துறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர்பெட்டி எந்நேரமும் கூவிக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமல், மருந்தாளுநர் வைகுண்டராஜா அதன் சத்தம் வருகிற ஓட்டையில் புண்ணுக்கு வைக்கும் பஞ்சைத் திணித்து, மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டி, "இனி கத்து பாப்போம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மறுநாள் காலை கடற்கரை ஏலக்கூடத்தில் ஒரு கூடை விளமீனுக்கு விலை கூறிக்கொண்டிருந்த ஏலக்காரர் கஸ்பார், கடைசி விலையைச் சொல்ல வாயைத் திறந்தபோது, விலைக்குப் பதிலாகப் பெட்டியின் கூவல் அவர் தொண்டையிலிருந்து வந்தது. கீக், கீக், கீக் என்று ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. வாயைக் கையால் பொத்திப் பார்த்தார், கைக்குள்ளும் கூவியது. கடல் தண்ணீரை அள்ளிக் கொப்பளித்துப் பார்த்தார், தண்ணீருக்குள்ளும் கூவியது. சுகாதார நிலையத்தில் துடைத்துவிட்டு மூடாமல் போட்டிருந்த பெட்டியின் மூடியை யாரோ போகிற போக்கில் தள்ளி மூடியதும் நின்றது. மத்தியானத்துக்குள் விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

ஒரு வாயை அடைத்தால் சத்தம் வேறு வழி பார்க்கும் என்பதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தெற்குத் தெருச் சாக்கடையை அடைத்தபோது தண்ணீர் வடக்குத் தெரு வாசலில் வந்து நின்றதைப் பார்த்த ஊர் இது. ஊரில் இத்தனை தொண்டை இருக்க ஏன் கஸ்பார் தொண்டை என்பதுதான் பேச்சாக இருந்தது. அவருடையதுதான் அகலமான தொண்டை, வாடைக்காற்றுக்கு எதிரே நின்று விலை சொன்னாலும் வள்ளத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கும், சத்தம் அங்கே போகாமல் வேறெங்கே போகும் என்றார்கள் ஆண்கள். பெண்கள் வேறு காரணம் சொன்னார்கள், அதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். கஸ்பாருக்கு மூத்தது ஒரு பையன் இருந்தான், ரூபன் என்று பெயர். தொண்டை அடைப்பான் நோய் வந்து, மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல், அப்பன் மடியிலேயே அடங்கிப்போனான். அவனுக்கு ஊசி போடாமல் இல்லை. போட்ட மருந்து வழியிலேயே வெயிலில் கெட்டுப்போயிருந்தது, கெட்ட மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்று என்று அடக்கம் முடிந்த பிறகு யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ரூபனுக்குப் பிறகு பிறந்தவள் மெற்றில்டா. கஸ்பார் தொண்டையில் பெட்டி கூவத் தொடங்கியபோது அவள் கர்ப்பமாக இருந்தாள், பிறக்கப்போகிற பிள்ளைக்குப் போட வேண்டிய மருந்து அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியின் மேலும் தப்பு உண்டு, நியாயத்தைச் சொல்ல வேண்டும். சூடு ஏறினால் கூவும், குளிர் கூடினால் கூவும், மூடி திறந்தால் கூவும், கரண்ட் போனால் சும்மா இருக்கும், போன கரண்ட் வந்தால் அந்தச் சந்தோஷத்தில் கூவும், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்வதற்கும் தினம் ஒரு தடவை கூவும். கூவுகிற ஒவ்வொரு முறையும் பொறுப்பாளரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். அந்தப் பொறுப்பாளர் தேனிப் பக்கம் மாற்றலாகிப் போய் வருஷக்கணக்காகிறது. பெட்டிக்குள் இருக்கிற நம்பரை மாற்றுவது எப்படி என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் தங்கமான மனிதர், வருகிற ஒவ்வொரு செய்திக்கும் 'நன்றி, கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்' என்று பெட்டிக்கே பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

முதலில் நாங்கள் ஒழுங்காகத்தான் இருந்தோம். கஸ்பார் கோயிலில் கூவினாலும் சரி, குளிக்கும்போது கூவினாலும் சரி, பக்கத்தில் இருக்கிறவன் எழுந்து ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருவான். மூடி திறந்திருந்தால் மூடுவான், பிளக் கழன்றிருந்தால் சொருகுவான், ஒன்றுமில்லை என்றால் நர்ஸ் எமல்டாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவான். எமல்டா அடுத்த ஊர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். "பஞ்சு அடைச்சதும் நல்லதாத்தான் போச்சு சார், இப்பத்தான் மருந்து மருந்தா இருக்கு" என்று அவளே வைகுண்டராஜாவிடம் சொன்னாள். பாவம், ஊரைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

வினை ஒரு சாவு வீட்டில் ஆரம்பித்தது. வலைக்கார மரியான் செத்துப்போனார். அவருடைய பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்தில் எந்தச் சுவர்ப் பக்கம் குழி வெட்டுவது என்று பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு கட்டிப்புரண்டார்கள். மூத்தவன் "வடக்குச் சுவர்தான், அப்பா ஆசைப்பட்டது" என்று சொன்ன அந்த நேரத்தில், ஆறுதல் சொல்ல வந்து ஓரமாக நின்றிருந்த கஸ்பார் கீக் என்றார். கூட்டம் அப்படியே அடங்கியது. சண்டை போட்டவர்கள் சட்டையைச் சரிசெய்துகொண்டு வடக்குச் சுவருக்கு மண்வெட்டி எடுத்துப் போனார்கள். பெட்டியைப் பார்த்துவர ஓட வேண்டியவனும் குழி வெட்டத்தான் போனான்.

அடுத்தது ஒரு பெண் பார்க்கிற வீடு. மாப்பிள்ளையின் சித்தப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே "பையன் குடிக்க மாட்டான், வாசனையே ஆகாது" என்று சொல்லி முடிக்கவும், அழைக்கப்பட்டு வந்து உட்கார்ந்திருந்த கஸ்பார் கூவவும் சரியாக இருந்தது. பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அதே பையன் அதே வாரத்தில் உப்பள வரப்பில் வேட்டி ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று விழுந்து கிடந்தான். அதற்குப் பிறகு கஸ்பார் இல்லாமல் ஊரில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கவில்லை.

பல்லிக்குப் பலன் பார்க்கத் தெரிந்தவர்கள் நாங்கள். தும்மலுக்குப் பலன் உண்டு, பூனைக்கு உண்டு, வலது கண் துடித்தால் ஒன்று, இடது கண் துடித்தால் ஒன்று. மனிதன் தொண்டையில் குளிர்பெட்டி கூவினால் அதற்கு மட்டும் பலன் இல்லாமல் போகுமா? டீக்கடை இன்னாசி ஒரு பிஸ்கட் அட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் கரித்துண்டால் எழுதிக் கடையில் தொங்கவிட்டார். கஸ்பார் கிழக்கே பார்த்துக் கூவினால் சீலா மீன் வரும், தெற்கே பார்த்துக் கூவினால் வீண் செலவு, படுத்துக்கொண்டு கூவினால் தூரத்து உறவில் சாவு, சாப்பிடும்போது கூவினால் விருந்தாளி, விருந்தாளியாகப் போன வீட்டில் கூவினால் சீக்கிரம் கிளம்புவது உத்தமம் என்று இருந்தது. ஐஸ் கம்பெனி முதலாளி தொம்மை இதை ஒப்புக்கொள்ளவில்லை. திசையில் ஒன்றும் கிடையாது, எத்தனை கூவல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, ஒற்றைப்படை நஷ்டம், இரட்டைப்படை லாபம் என்றார். வடக்குத் தெரு இன்னாசி பக்கமும் தெற்குத் தெரு தொம்மை பக்கமும் சேர்ந்துகொண்டன. சம்பந்தம் பேசின வீடுகளுக்குள்ளேயே போக்குவரத்து நின்றது. கோயிலில் மட்டும் சண்டை வரவில்லை. பூசை நடுவில் மணி அடிக்க வேண்டிய இடத்தில் கஸ்பார் ஒருநாள் கூவிவிட, பங்குச்சாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆண்டவருக்கு ஒரு சத்தம் வேணும், அதை யாரு போட்டா என்ன" என்று மேலே படித்துக்கொண்டு போனார்.

அது பெட்டியின் கூவல் என்பதை யாரும் மறந்துவிடவில்லை, அப்படி நினைக்க வேண்டாம். சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பெட்டிக்கு என்ன ஆச்சு என்பது பெட்டியின் பாடு, அதனால் நமக்கு என்ன ஆகும் என்பது நம் பாடு என்று பிரித்து வைத்துக்கொண்டோம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நாங்கள் மணியோசைக்கு ராகம் பிரித்துக்கொண்டிருந்தோம், யானை எங்கே என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எமல்டாதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டீக்கடைக்கு வந்தாள்.

"இன்னாசி அண்ணாச்சி, இப்ப அவிய கூவுனாவளே, யாராவது வந்து பெட்டியப் பாத்தியளா? மூடி அரையாள் அளவுக்குத் தொறந்து கெடக்கு."

"நான் பாத்தேனே."

"எங்க பாத்திய?"

"அட்டையில பாத்தேன். மேக்கப் பாத்துக் கூவல், வழக்கு செயிக்கும்னு இருக்கு. ஒனக்கு ஏதும் வழக்கு இருக்காம்மா?"

"எனக்கு ஒங்களோடதான் வழக்கு" என்று சொல்லிவிட்டு அவளே போய் மூடினாள்.

இந்தப் பெருமையெல்லாம் கஸ்பாருக்கு வேண்டியிருக்கவில்லை. ஏலம் போயிற்று, விலை சொல்லும்போது கூவினால் வாங்குகிறவன் ஒரு பலனும் விற்கிறவன் ஒரு பலனும் பார்த்து, மீன் நாறிப்போகிறவரை நின்று வாதாடினார்கள். பேச்சு வராமல் போவதும் உண்டு, கூவுகிற நேரத்தில் அவர் தொண்டையில் வேறு சொல்லுக்கு இடமில்லை. அதைவிடக் கொடுமை, பெட்டியில் சூடு ஏறினால் அவர் தொண்டை காய்ந்து எரியும், குளிர் கூடினால் நாக்கு மரத்துக் கட்டையாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்க்கூட்டம் கூடியபோது எழுந்து நின்று கும்பிட்டார்.

"நான் யாருக்கும் ஒரு கெடுதல் செய்யல. அந்தப் பஞ்ச எடுக்கச் சொல்லுங்க. அது சத்தம் அதுகிட்ட போகட்டும், என் சத்தம் எனக்கு வரட்டும்."

வைகுண்டராஜா எடுக்கத் தயாராகத்தான் இருந்தார். அவர் கெட்டவர் இல்லை, காது கொஞ்சம் மென்மை, அவ்வளவுதான். ஊர்தான் விடவில்லை. ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத இன்னாசியும் தொம்மையும் அன்றைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே குரலில் பேசினார்கள்.

"வே கஸ்பார், இது ஒம்ம சொத்து இல்ல, ஊர்ச் சொத்து" என்றார் தொம்மை.

"ஏலம் வேற எவனும் போடுவான். இப்படிக் கூவ எவனுக்கு வரும்?" என்றார் இன்னாசி.

கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன், இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எல்லாரும் தட்டினோம்.

மெற்றில்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது பிறந்த கொஞ்ச நாளில் உப்பளத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் வந்திருப்பதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து கஸ்பார் ஏலக்கூடத்துப் பக்கமே போகவில்லை. விடிந்ததும் சுகாதார நிலையத்துக்கு வந்து, பெட்டி இருக்கிற அறை வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார். தொண்டை காய்ந்தால் "சார், கொஞ்சம் சூடு ஏறுது" என்று உள்ளே பார்த்துச் சொல்வார், நாக்கு மரத்தால் வாயைக் காட்டுவார். "இது ஆஸ்பத்திரியா, ஏலக்கூடமா? போவும் வே, கூட்டம் கூடுது" என்று வைகுண்டராஜா விரட்டுவார். அதிலும் நியாயம் உண்டு. கஸ்பார் உட்கார்ந்த இடத்துக்கெல்லாம் பலன் கேட்கிற கூட்டமும் வந்து உட்கார்ந்தது. புதன்கிழமை ஊசி போடுகிற நாள். மாதா திருவிழாவுக்கு மறுநாள் வருகிற புதன்கிழமை, மெற்றில்டாவின் பிள்ளைக்கு முதல் ஊசி என்று எமல்டா சொல்லிவிட்டாள். "நல்ல மருந்துதானே நர்ஸம்மா?" என்று கஸ்பார் தினம் கேட்பார். "ஒங்க தொண்டை நல்லாயிருந்தா மருந்து நல்லாயிருக்கு" என்று அவளும் தினம் சொல்வாள்.

திருவிழாவுக்கு முதல் நாள் சீரியல் செட் விளக்கு போடுகிறவர்கள் வந்தார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் சாமி இல்லாமல்கூட ஒப்பேற்றிவிடலாம், சீரியல் செட் இல்லாமல் முடியாது. தெரு முழுக்க வளைவு வைத்து, பல்பிலேயே மயில் செய்து, அந்த மயில் தோகை விரித்து மடக்குகிற மாதிரி பண்ணியிருந்தார்கள். அந்த மயிலுக்குக் கரண்ட் வேண்டும். பக்கத்தில் பிளக் இருப்பது சுகாதார நிலையத்தில். ஜன்னல் வழியாக ஒயரை விட்டு, அங்கே சொருகியிருந்த ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மயிலைச் சொருகினார்கள். மயில் தோகை விரித்தது, ஊர் கைதட்டியது. வைகுண்டராஜா அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் புறப்பட்டார். கஸ்பார் தொண்டை உடனே காட்டிக்கொடுக்கவில்லை. பெட்டியின் சுவருக்குள்ளே ஐஸ் இருக்கும். மூடி மட்டும் மூடியிருந்தால் கரண்ட் இல்லாமலேயே வெகுநேரம் தாக்குப்பிடிக்கிற பெட்டி அது.

திருவிழா அன்று மத்தியானம், சப்பரத்துக்குப் பூ சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பெட்டியின் ஐஸ் உருகித் தீர்ந்துவிட்டது. கஸ்பார் தொண்டை திறந்தது, திறந்தது மூடவில்லை. கீ என்று ஆரம்பித்த கூவல் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டே இருந்தது. மேளம் நின்றது, பூ சுற்றியவர்கள் கை நின்றது. எல்லாரும் இன்னாசியைப் பார்த்தார்கள். முடிவில்லாத கூவலுக்கு அட்டையில் பலன் இல்லை.

"இது கடல் பொங்குத கூவல்!" என்றார் இன்னாசி, முகம் வெளுத்துப்போய். "ஊருக்குள்ள தண்ணி வரப்போவுது, ஓடுங்க!"

"கடல் இல்ல வே, மீன்!" என்று தொம்மை மேடை மேல் ஏறினார். "எண்ண முடியாத கூவல்னா எண்ண முடியாத மீன்! வள்ளத்தை எறக்குங்க!"

கஸ்பாரால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. கூவிக்கொண்டே கையை நீட்டிச் சுகாதார நிலையத்தைக் காட்டினார். அது மேற்கே இருக்கிறது. "பாத்தியளா, மேக்க ஓடச் சொல்லுதாரு!" என்று இன்னாசி கத்தினார். அவ்வளவுதான். வடக்குத் தெரு முழுவதும் டிவிப் பெட்டியையும் கோழிக்கூண்டையும் தலையில் வைத்துக்கொண்டு மேற்கே தேரி மணல்மேட்டைப் பார்த்து ஓடியது, தெற்குத் தெரு முழுவதும் வலையை இழுத்துக்கொண்டு கிழக்கே கடலைப் பார்த்து ஓடியது, நடுவில் இரண்டும் முட்டிக்கொண்டதில் மயிலின் ஒயர் காலில் மாட்டி அறுந்து, படபடவென்று பொறி பறந்து, ஊருக்கே கரண்ட் போயிற்று. வைகுண்டராஜா பிறந்ததிலிருந்து வள்ளத்தில் கால் வைத்தவர் இல்லை. எண்ண முடியாத மீன் என்றதும் அவரும் ஏறிவிட்டார், அறைச் சாவியோடு. ஓடுகிறவர்களை மறித்துத் திருப்பப் பார்த்த எமல்டாவைக் கூட்டம் தேரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. மாதாவும் பங்குச்சாமியும் மட்டும் தெருவில் நின்றார்கள். எந்தப் பக்கத்தை ஆசீர்வதிப்பது என்று தெரியாமல் அவர் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சிலுவை போட்டார்.

மெற்றில்டா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவின் எதிரே வந்து நின்றாள். அவருடைய கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"யப்பா," என்றாள், "ஊசி மருந்தா?"

கஸ்பார் தலையை ஆட்டினார். இத்தனை மாதத்தில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

அறை பூட்டியிருந்தது. ஐஸ் உடைக்கிற கட்டையை எடுத்துவந்து கஸ்பார் பூட்டை உடைத்தார். பெட்டியின் பிளக் மயில் ஒயரின் கீழே கிடந்தது. எடுத்துச் சொருகினார், கரண்ட் இல்லாத ஊரில் சொருகி என்ன? மூடியைத் திறந்தால் உள்ளே வேர்த்துப்போய் இருந்தது. தொண்டை எரிய எரிய அவர் தொம்மையின் ஐஸ் கம்பெனிக்கு ஓடினார், திறந்து போட்டுவிட்டு எல்லாரும் மீனுக்குப் போயிருந்தார்கள். ஒரு மீன் பெட்டி நிறைய நொறுக்கின ஐஸ். அதன் மேல், நல்ல இறாலை வெளியூருக்கு அனுப்பும்போது எப்படிச் செய்வாரோ அப்படியே, கை நிறையக் கல்லுப்பு அள்ளிப் போட்டுக் கலந்தார். உப்பு போட்டால் ஐஸ் இன்னும் குளிரும், மீன் கல்லாகும், கெடாது. கூனித்துறையில் பிறந்தவன் எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். மருந்துக் குப்பிகளை அட்டைகளோடு எடுத்து, பெட்டிக்குள் சூடு பார்க்கிற கருவியையும் சேர்த்து நடுவில் புதைத்து மூடினார். கூவல் நின்றது.

"நின்னுட்டு யப்பா" என்று மெற்றில்டா அழுதுகொண்டே சிரித்தாள். கஸ்பாரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு பாதியிலேயே நடுங்கியது. நாக்கு மரத்தது. பல் கிட்டியது. தொண்டைக்குள்ளிருந்து அதுவரை கேட்காத வேறொரு சத்தம், ட்டுக், ட்டுக் என்று, மெதுவாக, கதவைத் தட்டுகிற மாதிரி வந்தது.

"யப்பா, ஒதடு நீலமாகுதே! மறுபடி என்ன?"

அப்போதுதான் எமல்டா தேரியிலிருந்து ஓடி வந்து சேர்ந்தாள், தலையெல்லாம் செம்மண். மீன் பெட்டியைப் பார்த்தாள், பக்கத்தில் உப்புச் சாக்கைப் பார்த்தாள்.

"உப்பா போட்டிய? ஐயோ, எடுங்க, எடுங்க! இது இறால் இல்ல, ஒறைஞ்சா செத்துரும்! சூட்டுலயும் சாவும், ஒறைஞ்சாலும் சாவும் இது!"

கஸ்பார் மீன் பெட்டியைக் கவிழ்த்தார். மருந்தை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். உப்பில்லாத ஐஸைத் தனியாக அள்ளி, அதற்கும் மருந்துக்கும் நடுவில் செய்தித்தாளையும் எமல்டாவின் துண்டையும் சுற்றி வைத்தார்கள். ட்டுக் நின்றது. கொஞ்சம் பொறுத்து மெல்லக் கீக் என்றது. எமல்டா ஒரு கை ஐஸ் போட்டாள். ட்டுக் என்றது, ஒரு கை எடுத்தாள். மெற்றில்டா குழந்தையைத் தரையில் துணி விரித்துப் போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

கடல் பொங்கவில்லை. மீனும் வரவில்லை. முதலில் தேரிக்காரர்கள் கோழிக்கூண்டோடு திரும்பினார்கள், பிறகு வள்ளக்காரர்கள் வெறும் வலையோடு கரை ஏறினார்கள். ஒருவரை ஒருவர் கேலி செய்ய வாயெடுத்தவர்கள், கூவல் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே சுகாதார நிலைய வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே கஸ்பார் மீன் பெட்டியை மடியில் வைத்து, ரூபனை வைத்திருந்த மாதிரியே குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் அதைப் பார்த்தவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"பாத்துக்கிட்டு நிக்கியளே, ஐஸ் உருகுதில்ல!" என்று எமல்டா சத்தம் போட்டாள்.

தொம்மை முதலில் ஓடினார். ஐஸ் கம்பெனியிலிருந்து சுகாதார நிலையம் வரை ஊர் வரிசையாக நின்று சட்டியில், வாளியில், பூ வைத்திருந்த தாம்பாளத்தில் ஐஸைக் கைமாற்றியது. கஸ்பார் தொண்டையை நாங்கள் மாதக்கணக்காகக் கேட்டிருக்கிறோம், ஆனால் அன்றைக்குக் கேட்ட மாதிரி கேட்டதில்லை. கீக் என்றால் ஒரு கை உள்ளே, ட்டுக் என்றால் ஒரு கை வெளியே. இன்னாசி வாளியைப் பிடித்தபடி நின்று, "இவ்வளவுதானா வே பலன்?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் மெதுவாகக் கேட்டார். கரண்ட் வந்து பெட்டி உறுமத் தொடங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அந்த வருஷம் மாதா சப்பரம் மயில் இல்லாமல் போயிற்று.

மறுநாள் புதன்கிழமை. எமல்டா குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் காட்டி, மேலே ஒட்டியிருந்த அடையாளத்தில் சூடு பட்ட கறுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள், ஏறவில்லை. குலுக்கிவிட்டு உறைந்த மருந்தில் படிகிற மாதிரித் திப்பி படிகிறதா என்று பார்த்தாள், படியவில்லை. "நல்ல மருந்து" என்றாள். கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஊசி தொடையில் இறங்கியதும் மெற்றில்டாவின் பிள்ளை வாயைத் திறந்து வீறிட்டது. அந்தக் குரலைக் கேட்டால் அதுவும் தாத்தா தொண்டைதான். ஜன்னலில் எட்டிப்பார்த்த யாரோ பழக்கதோஷத்தில், "தெக்கப் பாத்து அழுவுது, இதுக்கு என்ன..." என்று ஆரம்பித்தார்கள்.

"ஊசி ஏறிட்டுன்னு அர்த்தம்" என்றாள் எமல்டா.

வைகுண்டராஜா அன்றைக்கு முகத்தையே நிமிர்த்தவில்லை. ஊசி போட்டு முடிந்ததும் இடுக்கியை எடுத்துக்கொண்டு, பெட்டி மூடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு, பிளாஸ்திரியை உரிக்கக் குனிந்தார். "கஸ்பார், என்னய மன்னிச்சிரும். ஒம்ம தொண்டைய ஒமக்கே தந்திருதேன்" என்றார். ஊர்க்காரர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. ஏலக்கூடத்தில் பழைய கஸ்பார் விலை சொல்வதைக் கேட்க எங்களுக்கே ஆசையாக இருந்தது.

கஸ்பார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சார், இருக்கட்டும்."

"என்ன வே, நீர்தானே எடுக்கச் சொன்னீரு?"

"சொன்னேன். அங்க கத்துனப்ப அத யாரு கேட்டா? நீங்க பஞ்சு வச்சிய. எந்தொண்டையில கத்துனா, நீங்க யாரும் கேக்காட்டியும் நான் கேப்பேன்ல?" அவர் பேத்தியைப் பார்த்தார். அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது. "ரூபன் மருந்து வெயில்ல கெடந்தப்ப கூவுறதுக்கு ஒரு தொண்டை இல்லாமப் போச்சே சார்."

வைகுண்டராஜா இடுக்கியைக் கீழே வைத்தார். இன்னாசி மூக்கை உறிஞ்சினார், தொம்மை கூரையைப் பார்த்தார், அப்படியே எல்லாரும் கஸ்பாரைப் பார்த்தபடி நின்றோம். அப்போது கஸ்பார் வாய் தானாகத் திறந்தது.

கீக், கீக், கீக்.

கிழக்கா மேற்கா, ஒற்றையா இரட்டையா என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஓடினோம். திறந்து கிடந்த பெட்டி மூடியின் மேல் ஒரே நேரத்தில் ஊரின் அத்தனை கையும் விழுந்தது. நடுவில் மாட்டி இன்னாசியின் விரல் நசுங்கியது. அதற்கு என்ன பலன் என்று அவரும் கேட்கவில்லை.